தண்ணீரில் மூழ்கிய விறகு

நேற்றுக் காலை வடக்குச் சாலைச் சோதனைச் சாவடியில் பிடிபட்ட லாரியில் இருந்த கட்டைகள் என்னுடையவை. அவற்றை விறகு என்று சீட்டில் எழுதிக் கொடுத்தவன் நான். அவை விறகு அல்ல. வன அதிகாரி எழுதியிருப்பதைப் போலக் கருங்காலியும் அல்ல. அது என்ன மரம் என்பது நேற்றுச் சாயங்காலம் வரை எனக்கே தெரியாது. லாரியை ஓட்டி வந்த என் தங்கை கணவருக்கு, ஏற்றச் சொன்னதை ஏற்றி ஓட்டச் சொன்ன இடத்துக்கு ஓட்டியதைத் தவிர இதில் வேறு பங்கு கிடையாது.

என் பெயரும் தகப்பனார் பெயரும் இந்தத் தாளின் தலைப்பில் எழுத்தர் குறித்துக் கொண்டபடி. வயது ஐம்பத்தேழு. தொழில் மர வியாபாரம். ரயில் பாதைக்குப் பின்னால் இருக்கும் தெருவில் மரக்கிடங்கு. குடியிருப்பது கிடங்கின் மாடியில். கடைத்தெருவில் என் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது, ஆப்புக்காரர் என்று கேட்டால் வழி காட்டுவார்கள். கையில் ஓர் இரும்பு ஆப்பும் ஒரு சம்மட்டியும் மட்டும் வைத்துக் கொண்டு வீடு வீடாக விறகு பிளந்து தொழிலுக்கு வந்ததால் வந்த பெயர் அது. வேறு அர்த்தத்தில் சொல்பவர்களும் இருக்கிறார்கள், அதை நான் கண்டுகொள்வதில்லை. ஆய்வாளர் கேட்க, வன அதிகாரியும் பக்கத்தில் இருக்க, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நான் சொல்வது பின்வருமாறு.

மூடிக் கிடக்கும் ஐஸ் பேக்டரியின் பின்புற இடத்தைப் பல் டாக்டர் ஒருவர் வாங்கியிருக்கிறார். அங்கே மருத்துவமனை கட்டப் போகிறார். அதில் வளர்ந்து கிடந்த மரங்களை ஒட்டுமொத்தமாக எடுத்துக் கொள்ளும்படி என்னிடம் சொன்னார். நான் போய்ப் பார்த்தேன். பார்த்தேன் என்றால், எங்கள் தொழிலில் பார்ப்பது என்பது அடிமரத்தைக் கையால் அணைத்துப் பருமன் பார்ப்பதும், நிமிர்ந்து வளைவு பார்ப்பதும், கத்தி முனையால் ஒரு கீறு கீறிப் பார்ப்பதும்தான். இலையை யாரும் பார்ப்பதில்லை. இலைக்கு விலை கிடையாது. பின்சுவரை ஒட்டி வரிசையாகக் கொஞ்சம் குட்டை மரங்கள் நின்றன. பெரியது என் தொடைப் பருமன் இருக்கும், சிறியது முழங்கைப் பருமன். மேலே குடை போல அடர்ந்து, அடியில் நல்ல நிழல். யாரோ கயிறு பிடித்து நட்டது போல ஒரே கோட்டில் நின்றதைப் பார்த்து, பேக்டரிக்காரர் அழகுக்கு வைத்த செடி காடாகிவிட்டது என்று நினைத்துக் கொண்டேன். விறகு விலை பேசி முடித்தேன். டாக்டரும் இடம் காலியானால் போதும் என்று ஒத்துக் கொண்டார்.

அதன் பிறகு வெட்டுக்காரர் போய் அந்த வரிசையில் பாதியை வெட்டினார். மீதியை வெட்டாமல் திரும்பி வந்து, மழுங்கிய ரம்பச் சங்கிலியை என் மேசை மேல் வைத்தார். "முதலாளி, இது மரமா, தண்டவாளமா? இதே கூலிக்கு இன்னொன்னு வெட்டுறதுக்கு நான் பல் டாக்டர் கிட்டயே பல்லைக் குடுத்துட்டு வந்துடுவேன்" என்றார். சங்கிலி பழசு என்று நான் சொன்னேன். அவர் அதற்கு என் வாயும் பழசு என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டுப் போனார். கூலி கூட்டிக் கேட்கத்தான் கதை சொல்கிறார் என்று எனக்கு எண்ணம். வெட்டியவற்றை மட்டும் கிடங்குக்கு எடுத்து வந்து, கொட்டகைக்குள் அடுக்கி உலரப் போட்டோம்.

சில வாரங்கள் கழித்து அந்த அடுக்கைக் கடந்து போகும்போது கட்டைகளின் வெட்டு முகத்தில் ஊசியால் குத்தியது போலச் சின்னச் சின்ன ஓட்டைகள் தெரிந்தன. முகம் முழுக்க, நடுவில் இருந்து ஓரம் வரை. எங்கள் தொழிலில் வெட்டு முகத்தில் ஓட்டையைப் பார்த்தால் அதற்கு மேல் ஆராய்ச்சி கிடையாது. பூச்சி விழுந்துவிட்டது என்று அர்த்தம். பக்கத்தில் இருக்கும் நல்ல கட்டைக்குப் பரவுவதற்குள் அதை வெளியே தள்ளியாக வேண்டும். அப்படித் தள்ளுவதற்கு இருக்கும் ஒரே இடம் அடுப்பு. பூச்சி தின்ற கட்டையின் அடியில் மாவு போலத் தூள் கொட்டிக் கிடக்கும். இந்த அடுக்கின் அடியில் தரை சுத்தமாக இருந்தது. அது என் கண்ணில் பட்டது, புத்தியில் படவில்லை. ரொட்டிக் கடைக்காரருக்குச் சொல்லி அனுப்பினேன். ரொட்டி அடுப்புக்குப் பட்டையோடு கட்டை போனால் புகை கட்டி ரொட்டியில் வாடை ஏறும் என்பதால் அவருக்கு எப்போதும் பட்டை சீவித்தான் அனுப்புவது. அப்படியே சீவச் சொல்லி, அளவாகத் துண்டு போட்டு, ஏற்றி, சீட்டில் விறகு என்று எழுதி, கையெழுத்தும் போட்டு, என் தங்கை கணவர் கையில் கொடுத்து அனுப்பினேன்.

சாவடியில் நடந்தது நான் நேரில் பார்க்காதது. வன அதிகாரியும் தங்கை கணவரும் தனித்தனியாகச் சொன்னது ஒன்றாகவே இருப்பதால் எழுதிக் கொள்ளச் சொல்கிறேன். லாரியில் கட்டை பாதி உயரத்துக்குத்தான் இருந்தது, ஆனால் பின் சக்கரத்துக்கு மேல் பாரம் தாங்கும் இரும்புப் பட்டை வில் முழுக்கப் படுத்திருந்தது. காவலர் அதைக் கவனித்து வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். அதன் பிறகு வன அதிகாரி வந்து ஒரு துண்டை எடுத்து, சாவடியில் கை கழுவ வைத்திருக்கும் தண்ணீர் டிரம்முக்குள் போட்டார். அது கல் போல அடியில் போய் உட்கார்ந்தது. பட்டை சீவிய கட்டை, பார்த்து அடுக்கிய கட்டை, சீட்டில் விறகு, தண்ணீரில் மூழ்குகிறது. அந்த இடத்தில் நான் அதிகாரியாக இருந்திருந்தாலும் பிடித்துத்தான் இருப்பேன். அதனால் அவர் மேல் எனக்குக் குறை எதுவும் கிடையாது. தங்கை கணவரை இந்த நிலையத்தில் ஒப்படைத்து, கருங்காலி கடத்தியதாகப் புகார் எழுதினார்கள்.

தகவல் வந்ததும் நான் வந்தேன். தங்கை கணவர் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். செருப்பையும் இடுப்பு வாரையும் கழற்றி வைத்திருந்தார்கள். பேண்டை ஒரு கையால் பிடித்துக் கொண்டே எழுந்து நின்றார். எனக்குக் கீழே வேலை பார்த்தாலும் வீட்டில் அவர் மாப்பிள்ளை. ஒரு நாளும் அவரை நிற்க வைத்து நான் பேசியதில்லை. உட்காரச் சொன்னேன்.

அதன் பிறகு வன அதிகாரியிடம் பேசினேன். பொறுமையாகத்தான் பேசினார். நான் ரொட்டி அடுப்புக் கதையைச் சொன்னேன். "நான் புடிச்ச கள்ளக் கட்டை எல்லாமே ரொட்டி அடுப்புக்குத்தாங்க போயிட்டிருந்துச்சு. ஊர்ல இவ்வளவு ரொட்டி யார் தின்னறாங்கன்னுதான் எனக்குத் தெரியல" என்றார். கருங்காலி என்றால் நடுவில் கறுப்பு இருக்க வேண்டுமே, இதில் எங்கே என்று கேட்டேன். இளம் கருங்காலியில் கறுப்பு ஏற வருஷக் கணக்காகும், அதற்குள் வெட்டினால் இப்படித்தான் வெளிறி இருக்கும் என்றார். அதுவும் உண்மைதான். நானே அப்படிப் பார்த்திருக்கிறேன். கடைசியில், "சரி, நீங்களே மரக்காரர். இது கருங்காலி இல்லைன்னா என்ன மரம்? பேரைச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றார்.

அந்தக் கேள்வியை வேறு யார் கேட்டிருந்தாலும் ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிச் சமாளித்திருப்பேன். கடைக்கு வருபவர்களிடம் சமாளித்தும் இருக்கிறேன். இங்கே வாயைத் திறந்தால் அது வழக்கில் ஏறும்.

அப்போது அவர் இன்னொரு வழியும் சொன்னார். ஓட்டி வந்தவர் கருங்காலி ஏற்றியதாக ஒப்புக் கொண்டு கையெழுத்துப் போட்டால், நிர்ணயித்த தொகையைக் கட்டிவிட்டு அன்றே வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் மறுநாள் கோர்ட்டில் நிறுத்துவார்கள், அதன் பிறகு அங்கே சொல்வதுதான். இது சட்டத்தில் உள்ள வழிதான், மேசைக்கு அடியில் சொன்னதில்லை. வியாபாரி என்கிற முறையில் எனக்கு அது நல்ல பேரமாகத்தான் பட்டது. கட்டினால் முடிந்தது. என் தங்கையும் அதற்குள் வந்துவிட்டாள். சமையல் கையைக் கூடக் கழுவாமல் வந்திருந்தாள், மஞ்சள் அப்படியே விரலில் இருந்தது. "அண்ணே, அது என்ன கட்டையா இருந்தா நமக்கென்ன? கட்டுறதைக் கட்டிட்டு ஆளைக் கூட்டிட்டு வாங்க" என்றாள். நானும் சட்டைப் பையில் கை வைத்தேன்.

தங்கை கணவர் மாட்டேன் என்றார். "நான் கருங்காலி ஏத்தல. ஏத்தாததை ஏத்தினேன்னு எழுதிக் குடுத்தா அது என் லைசென்ஸோட காலத்துக்கும் ஒட்டிக்கும். நாளைக்கு உங்க வண்டியைத் தவிர வேற எவன் வண்டியைத் தொட முடியும்? ஊர்ல கருங்காலின்னு கூப்பிடுவாங்களே, அது தனி" என்றார். அவள் பக்கம் பார்க்காமல் என்னைப் பார்த்து, "மச்சான், ஆயுசு பூரா மரம் விக்கிறீங்க. இது என்னன்னு உங்களுக்கே தெரியலைன்னா நான் எப்படிங்க தெரிஞ்சு ஏத்தினேன்னு கையெழுத்துப் போடறது?" என்றார். பையில் இருந்து கையை எடுத்துவிட்டேன்.

அதன் பிறகு வன அதிகாரியிடம் ஒரு துண்டு கேட்டேன். அவர் தன் முன்னாலேயே ஒரு கட்டையை அறுக்கச் சொல்லி, இரண்டு பாதியிலும் தன் சுத்தியல் முத்திரையை அடித்து, ஒன்றை வைத்துக் கொண்டு ஒன்றை எனக்குக் கொடுத்தார். கோர்ட்டுக்குக் கிளம்புவதற்குள் பெயரோடு வர வேண்டும் என்று சொன்னார். அவருக்கும் தெரிந்து கொள்ளும் ஆவல் இருந்ததாகத்தான் எனக்குப் பட்டது.

கிடங்குக்கு வந்து எனக்குத் தெரிந்த சோதனை எல்லாம் செய்தேன். மோந்து பார்த்தேன், வாடை இல்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தேன், சாயம் விடவில்லை. சிராய் போல ஒரு சிம்பு எடுத்து எரித்தேன், மெதுவாகப் பிடித்து நின்று எரிந்தது, எண்ணெய் கசியவில்லை. ஆணி அடித்தேன், ஆணி வளைந்தது. சுத்தியலால் தட்டினால் உலோகம் போலக் கணீரென்றது. இத்தனை வருஷத்தில் என் கை வழியாகப் போகாத கட்டை கிடையாது என்று நினைத்திருந்தேன். இது போயிருக்கவில்லை. பயம் ஒரு பக்கம் இருக்க, சின்ன வயதில் பூட்டைக் கழற்றிப் பார்க்கத் தோன்றுமே, அப்படி ஓர் அரிப்பும் எனக்கு வந்துவிட்டது என்பதை மறைக்கவில்லை.

அதன் பிறகு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக் கொடுக்கும் அம்மாவைத் தேடிப் போனேன். கிடங்கில் அவருக்குச் சில்லு மேடம் என்று பெயர். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து, மாணவர்களுக்குக் காட்டுவதற்கென்று அறுத்து விழுந்த சில்லுகளைப் பொறுக்கிக் கொண்டு போவார். காசு வாங்கியதில்லை. எங்களுக்குள் அவ்வளவுதான் பழக்கம். ஆய்வுக் கூடத்தில் மேசை மேசையாகக் கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்துக் கொண்டிருந்தார். துண்டைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன்.

கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இலை கொண்டு வரலையா?" என்று கேட்டார்.

"இலை எனக்குத் தெரியாது மேடம். கட்டைதான் தெரியும்."

"எனக்கு இலைதான் தெரியும். கட்டையை மட்டும் வச்சுப் பேர் சொல்ற ஆள் நான் இல்ல" என்றார். இருந்தாலும் விட மனமில்லாமல், புது பிளேடால் வெட்டு முகத்தை மயிரிழை அளவு சீவி, தண்ணீர் தொட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. எனக்கு நின்று நின்று கால் வலித்தது. பிறகு, இந்த ஓட்டைகளை என்ன என்று நினைத்தீர்கள் என்று கேட்டார். பூச்சி என்றேன். பூச்சி ஓட்டை என்றால் உள்ளே எப்படிப் போகும் என்று கேட்டார். கோணல் மாணலாக, குடித்தவன் நடந்த மாதிரி போகும் என்றேன். அப்படியானால் நெடுக்குவாக்கில் பிளந்து பார்த்துவிடலாமா என்றார்.

அது எனக்குத் தெரிந்த வேலை. கல்லூரித் தோட்டக்காரரிடம் சம்மட்டியும் ஆப்பும் வாங்கி, வெளியே படிக்கட்டுக்குப் பக்கத்தில் வைத்து அடித்தேன். சுலபத்தில் வாயைத் திறக்கவில்லை. திறந்ததும் இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். வளைந்த துளை ஒன்று கூட இல்லை. ரேகையோடு ரேகையாக, நேர் நேராக, நூல் பதித்தது போல வெளிறிய கோடுகள் மேலிருந்து கீழ் வரை ஓடின. எந்தப் பூச்சிக்கும் அவ்வளவு ஒழுக்கம் கிடையாது.

அந்த அம்மா சொன்னதை எனக்குப் புரிந்த வரை சொல்கிறேன். இலையில் தயாராகும் சாப்பாடு மரத்துக்குள் கீழே இறங்கும் வழி, பட்டைக்கு உள்பக்கம் மெல்லிசாக இருக்கும் என்பது எங்களுக்கும் தெரியும், பட்டையைச் சுற்றி உரித்தால் மரம் சாவது அதனால்தான். "இது பருக்கும்போது அந்த வழியைக் கொஞ்சம் கொஞ்சமா கட்டைக்கு உள்ளேயே விட்டு மூடிக்கிட்டு வருது. கல்லு மாதிரி கட்டைக்கு நடுவுல தீவு தீவா மெத்துன்னு இருக்கும். பச்சையா இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. காய்ஞ்சா அது சுருங்கி ஓட்டையா நிக்குது. உங்க கட்டையை ஒண்ணும் அரிக்கல" என்றார். இதனால் மரத்துக்கு என்ன லாபம் என்று கேட்டேன், லாபமில்லாமல் யாரும் எதையும் செய்வதில்லை என்பது என் அனுபவம். ஏதேதோ சொல்கிறார்கள், உறுதியாகத் தனக்குத் தெரியாது என்றார். கருங்காலியில் இந்தத் தீவுகள் இருக்காது என்பது மட்டும் உறுதி, ஆனால் பெயர் சொல்ல இலை வேண்டும், வெட்டிய இடத்துக்கு இப்போதே போகலாம் என்று செருப்பை மாட்டிக் கொண்டார்.

அங்கே போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது, வெளிச்சம் நன்றாக இருந்தது. வெட்டிய அடிக்கட்டைகளில் இருந்து குருத்து விட்டு முழ உயரத்துக்கு வளர்ந்திருந்தது. வெட்டுக்காரர் விட்டுவிட்டு வந்த மரங்கள் அப்படியே நின்றன. அந்த அம்மா ஒரு கொப்பை வளைத்து என் முகத்துக்கு நேராகக் காட்டினார். இலைகள் ஜோடி ஜோடியாக, ஒன்றுக்கு எதிரே ஒன்றாக இருந்தன. தோல் செருப்பு வார் போலத் தடிப்பு. நடு நரம்பு மட்டும்தான் தெரிந்தது. பக்க நரம்பு இருக்கிற இடமே தெரியவில்லை. கீழே உதிர்ந்து காய்ந்த இலை எல்லாம் மஞ்சளாகக் கிடந்தது. துணிக்குச் சாயம் ஒட்டுவதற்கு முன்பெல்லாம் இந்த இலையைச் சேர்ப்பார்கள் என்றார். அதன் பிறகு ஒரு மரத்தில், இலை இருக்கும் நுனியை விட்டுவிட்டு, கீழே மொட்டையாக இருக்கும் பழைய கொம்பில், பட்டையில் இருந்து நேராக முளைத்தது போல நீலப் பூ கொத்துக் கொத்தாக ஒட்டிக் கொண்டிருந்ததைக் காட்டினார். குண்டூசித் தலையை விடக் கொஞ்சம் பெரிது. அப்படி ஒரு நீலத்தை நான் பெயிண்ட் கடையில் கூடப் பார்த்ததில்லை. தேனீ மொய்த்துக் கொண்டிருந்தது. விலை பேசிய அன்று அதற்கு அடியில் நின்றுதான் பேசினேன்.

"காயா. பாட்டுல எல்லாம் வருமே, அந்தக் காயாம்பூ இதுதான். சில பக்கம் காசான்னும் சொல்வாங்க" என்றார்.

நான் சுவரில் சாய்ந்து கொண்டேன். காசாக் கைப்பிடி என் கடையில் கட்டுக் கட்டாக விற்கிறது. சுத்தியலுக்கு, கோடாலிக்கு, உளிக்கு, தெரிந்த ஆசாரி எல்லோரும் அதைத்தான் கேட்டு வாங்குவார்கள். அது வெளியூர்ப் பட்டறையில் கடைந்து, எண்ணெய் பூசி, பளபளப்பாகத்தான் எனக்கு வரும். உருண்டையாக, பட்டையோடு, வெட்டு முகத்தோடு நான் பார்த்ததே இல்லை. எண்ணெய் பூசினால் அந்த ஓட்டைகளும் அடைந்துவிடும். கடைந்த கைப்பிடியாகத் தெரியும், பூவின் பெயராகத் தெரியும், மரமாகத் தெரியாது. அதை ரொட்டி சுட அனுப்பியிருக்கிறேன்.

வரிசையாக நட்டது யார் என்ற சந்தேகம் எனக்குத் தீரவில்லை. அந்த அம்மா மேலே காட்டினார். சுவருக்கு மேலே பேக்டரியின் பழைய மின்கம்பி, இப்போது கரண்ட் இல்லாவிட்டாலும், முனைக்கு முனை ஓடியது. அதில் குருவிகள் உட்கார்ந்திருந்தன. இந்த மரத்தின் பழம் கறுப்பாக, மிளகை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், தலையில் சின்னக் கிரீடம் போல ஒரு வளையம் இருக்கும், பறவைகள் விரும்பித் தின்னும், தின்றுவிட்டுக் கம்பியில் உட்கார்ந்து கொட்டையைக் கீழே விடும் என்றார். கயிறு பிடித்தது கம்பிதான். அப்படியானால் கம்பிக்குப் பிறகுதான் மரம் வந்திருக்க வேண்டும் என்று நான் சொன்னேன். இந்த மரத்தில் வருஷ வளையம் தெளிவாக விழாததால் வயது சொல்ல முடியாமல் இருந்தவர், அதைக் கேட்டு என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அது நல்ல கணக்கு என்றார். அந்த பேக்டரி திறந்த வருஷம்தான் நான் ஆப்பைத் தூக்கிக் கொண்டு தெருவுக்கு வந்தேன். அன்று முதல் இன்று வரை எனக்கு வயிறு பருத்த அளவுக்குக் கூட அது பருக்கவில்லை.

இன்று காலை நாங்கள் இரண்டு பேரும் கொப்பு, பூ, பிளந்த துண்டு, கண்ணாடி ஆகியவற்றோடு வன அலுவலகத்துக்குப் போனோம். வன அதிகாரி முதலில் கட்டையைத்தான் கேட்டார். தன் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக் கொண்டு, கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். பிறகு அலுவலக வாசலில் நிற்கும் கருங்காலி மரத்துக்கு எங்களைக் கூட்டிப் போய், தானே ஒரு கொப்பை ஒடித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார். கருங்காலியின் இலை இந்தப் பக்கம் ஒன்று, கொஞ்சம் தள்ளி அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறி இருந்தது. இதில் எதிரெதிரே ஜோடியாக இருந்தது. "தினமும் இதுக்கு அடியிலதான் வண்டியை நிறுத்தறேன்" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு பிடித்து வைத்திருந்த கருங்காலித் துண்டு ஒன்றைக் கொண்டு வரச் சொல்லி, அதையும் பிளேடால் சீவிக் கண்ணாடியில் பார்த்தார். அதில் தீவு இல்லை. காவலர்களையும் கூப்பிட்டு ஒவ்வொருவராகப் பார்க்கச் சொன்னார். ஒருவர், "சார், இனிமே டிரம் தண்ணியை நம்பி ஆளைப் பிடிக்க முடியாதா?" என்று கேட்டார். பிடிக்கலாம், விடுவதற்குக் கண்ணாடி வேண்டும் என்று அதிகாரி சொன்னார்.

காயா, அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாத மரங்களின் பட்டியலில் உள்ள மரம் அல்ல, தனியார் நிலத்தில் வெட்டத் தடை இல்லை என்பதை அவர் சரிபார்த்து எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆனால் சீட்டில் விறகு என்று எழுதியது தப்பு, அது என் தப்பு, அதற்கு அபராதம் உண்டு என்றார். ஒப்புக் கொண்டேன். என் பெயரில் போட வேண்டும், ஓட்டுநர் பெயரில் கூடாது என்று மட்டும் கேட்டேன், அவரும் ஒப்புக் கொண்டார்.

பல் டாக்டருக்கும் ஆள் அனுப்பி வரவழைத்தோம், விலை பேசிய பொருள் வேறாகிவிட்டதால். கைப்பிடி மரத்தை விறகு விலைக்கு வாங்கிவிட்டேன் என்று நானே சொன்னேன். வெளியே வேறு யாராவது சொல்லி அவர் காதில் விழுவதை விட அது எனக்கு மலிவு. அவர் யோசித்துவிட்டு, பின்பக்கம் எப்படியும் கொஞ்சம் இடம் விட்டுத்தான் கட்ட வேண்டும், நிற்பது நிற்கட்டுமா என்று கேட்டார். அந்த அம்மா நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என்னையே பார்த்தார். அந்த மரங்களுக்கும் சேர்த்துத்தான் நான் பணம் கொடுத்திருந்தேன்.

இது முழுவதையும் எழுத்தர் திரும்ப வாசிக்க நான் உட்கார்ந்து கேட்டேன். ஓரிடத்தில் காயா என்பதற்குக் காய் என்று இருந்ததைத் திருத்தச் சொன்னேன். மற்றபடி நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, கூட்டியும் இல்லை குறைத்தும் இல்லை, எங்கே கேட்டாலும் இதையேதான் சொல்வேன் என்று அறிந்து கையெழுத்திடுகிறேன்.

கையெழுத்திடும் முன், எல்லோரும் ஒப்புக் கொண்டதைக் கீழே சேர்த்துக் கொள்ளும்படி நான் கேட்டுக் கொண்டதால் எழுதப்பட்டது: தங்கை கணவரையும் லாரியையும் இப்போதே விடுவது. அபராதம் என் பெயரில், இன்று மாலைக்குள். வெட்டிய கட்டைக்கு விறகு விலைக்கும் கைப்பிடி விலைக்கும் உள்ள வித்தியாசத்தை டாக்டருக்கு நான் கொடுப்பது. நிற்கும் மரங்களை வெட்டும் உரிமையை நான் விட்டுக் கொடுப்பது, அதற்குப் பணம் திருப்பிக் கேட்பதில்லை. பதிலாக, கட்டப் போகும் மருத்துவமனைக்குக் கதவு, ஜன்னல், நிலைக்கு வேண்டிய மரம் முழுவதும் என் கிடங்கில்தான், சந்தை விலைக்கு. பிளந்த துண்டு ஆய்வுக் கூடத்துக்கு, இலவசம். தங்கை கணவர் வைத்த ஒரே நிபந்தனை, இனிமேல் நான் எழுதும் சீட்டை அவர் படித்துப் பார்த்து, ஒரு கட்டையைத் தன் கையால் தூக்கிப் பார்த்து, சரி என்று பட்டால்தான் சாவியை வாங்குவார். படாவிட்டால் வண்டி நிற்கும், அன்றைய கூலி என் பொறுப்பு. இதற்கும் ஒப்புக் கொண்டேன்.